கனகா ஒளித்து வைத்த குரல்

கம்ப்யூட்டர்களைத் துடைப்பது கனகாவின் வேலை. யாரும் அவளுக்கு அதைக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். திருத்துறைப்பூண்டியில் பழைய வாசகசாலைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது மூத்தோர் கணினி மன்றம். ஊர் வாயில் அது கம்ப்யூட்டர் சங்கம். நாலு மேசை, நாலு கம்ப்யூட்டர், போட்டால் லொடலொடவென்று ஆடுகிற ஒரு மின்விசிறி. அறுவடை தொடங்கிவிட்டால் நெல்லை ரோட்டிலேயே கொட்டிக் காயவைத்துத் தூற்றுவார்கள். அந்தப் பதர்த் தூசி ஜன்னல் வழியாக ஏறி வந்து கீபோர்டின் இடுக்கெல்லாம் உட்கார்ந்துவிடும். கனகா மற்றவர்களுக்கு முன்னால் வந்து, புருஷனின் கிழிந்த வேட்டித் துணியால் திரைகளைத் துடைப்பாள். தேய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்துப் பொத்தான்களுக்கு நடுவே சுரண்டுவாள். மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கடைசியில்தான் தொடுவாள். அதைத் துடைத்து முடித்ததும், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒருமுறை காது கொடுத்துவிட்டு, உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வாள்.

அந்த மூலைக் கம்ப்யூட்டரில் அவள் மகன் வெற்றிசெல்வனின் குரல் இருந்தது. மகன் இல்லை. கொரோனா இரண்டாவது அலையில் திருப்பூரில் போய்விட்டான்.

கனகா பிறந்தது குத்தாலத்துப் பக்கம். வாழ்க்கைப்பட்டது பஞ்சநாதனுக்கு. அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். முள்ளியாற்றுச் சட்ரஸின் கதவுகளை ஏற்றி இறக்கி, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று விடுகிற உத்தியோகம். சம்பளம் சின்னதுதான். ஆனால் தண்ணீர்க் காலத்தில் பெரிய பெரிய மிராசுதாரரெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பேசுவார்கள். கனகா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் கைச்சோறு தின்று வளர்ந்தவர்கள். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒரு மீசைக்காரன் எழுந்து, "ஆயா, உக்காருங்க" என்பான். பெயர் நினைவுக்கு வராது. அவன் கூடுதலாக ஒரு கரண்டி சாம்பார் கேட்பவனா, முட்டையைப் பிட்டுத் தம்பிக்கு எடுத்துப் போகிறவனா என்பது மட்டும் நினைவுக்கு வந்துவிடும்.

ஒரே பிள்ளை வெற்றிசெல்வன். டிப்ளமோ படித்துவிட்டு வீட்டில் இருந்தான். முத்துப்பேட்டை போகிற வழியில் பஞ்சநாதனுக்குத் தகப்பன் வழியில் வந்த கொஞ்சம் நஞ்சை உண்டு. அதை இறால் குட்டைக்குக் குத்தகை விடலாம் என்று பையன் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் அவரைக் கேட்காமலே குட்டைக்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். ஜேசிபி வயலில் இறங்கி வரப்பைப் பெயர்த்த பிறகுதான் செய்தி வந்தது. பஞ்சநாதன் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றார். ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் விட்ட கை, தன் வயலில் உப்புத் தண்ணீரை விடுமா? ஜேசிபி திரும்பிப் போயிற்று. அத்தனை பேர் பார்க்க அவர், "எனக்குப் புள்ள இல்ல" என்றார். அன்றைக்கே வெற்றிசெல்வன் திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஆயிற்று. சட்டம் என்று ஒன்றும் போடவில்லை. கனகா பெயரை எடுத்தால் பஞ்சநாதன் பாதிச் சோற்றில் கையைக் கழுவுவார், அவ்வளவுதான்.

பையன் அம்மாவின் போனுக்குப் பேசி அனுப்புவான். அப்பா இருக்கிற நேரத்தில் மணி அடித்துவிடக் கூடாதே என்றுதான் வாட்ஸ்ஆப்பில் பேசிப் பதிந்து அனுப்புவது. பெரிதாக ஒன்றும் இருக்காது. ரூமில் வத்தக்குழம்பு வைத்தேன், உன் கைப் பக்குவம் வரவில்லை. கம்பெனியில் ஓவர்டைம். இங்கே மழை, அங்கே எப்படி? கனகா பள்ளிக்கூடச் சமையல்கட்டின் பின்னால் நின்று கேட்பாள். கடைசியாக வந்ததில் இடையிடையே இருமிக்கொண்டே பேசியிருந்தான். "இந்த வருஷம் பன்னெண்டாந்தேதியே மேட்டூரத் தொறந்துடுவாங்கபோலம்மா. அப்பாகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, சும்மா சொல்லு."

ஜூன் பன்னிரண்டாம் தேதி சொன்னபடி அணை திறந்தது. அதற்குள் அவன் போய்விட்டிருந்தான். எரித்ததும் அங்கேயே. ரூமில் கூட இருந்தவன் சாம்பலைக் கொண்டு வந்து கொடுத்தான். செய்ய வேண்டிய காரியங்களையெல்லாம் பஞ்சநாதன் ஒன்று குறையாமல் செய்தார். பெயரை மட்டும் சொல்லவில்லை. அழவும் இல்லை. சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, கனகாவும் கேட்கவில்லை.

மகன் பேசி அனுப்பிய அந்தப் போனால்தான் கனகா சங்கத்துக்கு வந்து சேர்ந்தாள். பேட்டரி உப்பி, போனின் முதுகு போண்டா மாதிரி பிளந்துகொண்டு நின்றது. சங்கத்தை நடத்துகிற ஜெனிட்டா பல வருஷம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள். ஆளுக்கொரு போன் வந்த பிறகு கடையில் ஈ ஓட்டினாள். கடைசியில் மிஞ்சிய கம்ப்யூட்டர்களைக் கொண்டு வந்து இங்கே போட்டு, வயதானவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். போன் அடியோடு சாவதற்கு முன்னால் அவள்தான் அதிலிருந்த பேச்சையெல்லாம் மூலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தாள். வேறு போன் வாங்கியதும் அதில் ஏற்றித் தருகிறேன் என்றும் சொன்னாள். ஆனால் வீட்டில் அதன் பிறகு இருந்தது ஒரே போன். அது பஞ்சநாதனின் சட்டைப் பையில் இருந்தது.

கொஞ்ச நாள் அந்தப் பேச்சு இருந்த கோப்புறை திரையின் நடுவில் எல்லாருக்கும் தெரிகிறாற்போலத்தான் கிடந்தது. ஒருநாள் மூஸா, ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பொழுது போகாமல் சங்கத்துக்கு வருகிறவர், ஏதோ பாட்டு என்று நினைத்து அதைத் திறந்துவிட்டார். "அம்மா, சாப்ட்டியா?" என்று அறை முழுக்கக் குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். மூஸா தடுமாறி, நிறுத்தத் தெரியாமல் கையால் ஸ்பீக்கரைப் பொத்தினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "குரல் கணீர்னு இருக்கு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அது போகட்டும். ஆனால் அந்த வாரமே பஞ்சநாதனும் சங்கத்தில் சேரப்போகிறேன் என்றார். அவரை இழுத்து வந்தது மேட்டூர் அணை. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் எழுந்ததும் அவருக்கு அணையின் நீர்மட்டம் தெரிந்தாக வேண்டும். எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. பழைய ஆபீசுக்குப் போய்க் கேட்டால் புதிதாக வந்தவர்கள், "பெரியவரே, நீங்களா போய்த் தொறக்கப் போறீங்க?" என்று சிரித்தார்கள். சங்கத்தில் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்று மூஸா சொன்னதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மகன் குரல் அவர் கையில் அகப்பட்டால் என்ன செய்வார்? கோபத்தில் அழித்தாலும் அழித்துவிடுவார். எங்கே ஒளித்து வைப்பது என்று யோசித்தபோது, ஜெனிட்டா எப்போதோ நடத்திய பாடம் கனகாவுக்கு நினைவு வந்தது. திரையின் ஓரத்தில் இருக்கிற சின்னக் கூடையைக் காட்டி, "இது உங்க வீட்டுக் குப்பைக்குழி மாதிரிக்கா. இதுல போட்டது எங்கயும் போயிடாது. வேணும்னா கிளறி எடுத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தாள்.

அது கனகாவுக்கு நன்றாகப் புரிந்தது. குத்தாலத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குப்பைக்குழி இருந்தது. சாணி, கூளம், அடுப்புச் சாம்பல் எல்லாம் அதில்தான். வருஷம் ஒருமுறை வயலுக்கு அடிக்கிற வரைக்கும் போட்டது போட்டபடி கிடக்கும். சின்ன வயதில் அவள் தொலைத்த மூக்குத்தி மாதக்கணக்கில் கழித்து அந்தக் குழியில்தான் அகப்பட்டது. பெட்டியில் வைத்தால் திருடன் எடுப்பான், குப்பைக்குழியில் யார் கை விடப்போகிறார்கள்? மகனின் குரலை அந்தக் கூடையில் போட்டு வைத்தாள். காலையில் துடைத்து முடித்ததும் அதிலிருந்து மீட்டெடுத்துக் கேட்பாள். செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பப் போட்டுவிடுவாள். இதில் ஒரு தப்பும் அவளுக்குத் தெரியவில்லை. ஜெனிட்டாவிடம் சொல்லவும் தோன்றவில்லை.

பஞ்சநாதன் சங்கத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டார். மவுஸை அவர் பிடிக்கிற பிடியைப் பார்த்து, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற செபஸ்தியம்மாள், "ஷட்டர் சக்கரம் மாதிரி சுத்தாதீங்கண்ணே, ஊரு முழுகிடப் போவுது" என்பாள். அவர் சிரிப்பார். அவர் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று கனகா பார்த்துக்கொண்டிருப்பாள். நீர்மட்டத்தைப் பார்த்ததும் அறையிலுள்ள எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவார். யாரும் கேட்டதில்லை, ஆனால் ஒருநாள் அவர் படிக்காவிட்டால், "இன்னைக்கி எத்தனை அடி?" என்று மூஸாவே கேட்பார். வீடு திரும்பும்போது இப்போது கனகாவும் அவரும் சேர்ந்து நடந்தார்கள். கடைத்தெருவில் நின்று டீ குடித்தார்கள். ஒருநாள் டீக்கடையில் பக்கத்து மேசைப் பையன் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததை பஞ்சநாதன் டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் கழியட்டும், இவரிடம் சொல்லிவிடலாம், உட்காரவைத்துக் கேட்கவைக்கலாம் என்று அன்றைக்குத்தான் கனகா மனதுக்குள் முடிவு செய்தாள்.

போகிக்கு முதல் நாள் அவள் சங்கத்துக்குப் போகவில்லை. பரணை ஒழிக்க வேண்டியிருந்தது. போகியன்று காலை, கொல்லையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுப் பொங்கல் பானையைத் துலக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சநாதன் வெளியே போயிருந்தவர் வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்.

"சங்கத்தையும் சுத்தம் பண்ணிட்டு வந்துட்டேன். நேத்து ஜெனிட்டா சொல்லிக் குடுத்துச்சு. நாலு பொட்டியிலயும் கெடந்த குப்பையெல்லாம் ஒரே அமுக்கு."

கனகாவின் கை நின்றது. "எந்தக் குப்பை?"

"அதாம்மா, அந்தக் கூடை. தண்ணி விடுறதுக்கு முன்னாடி சட்ரஸ்ல ஆகாயத்தாமரைய வாரிப் போடுவமே, அந்த மாதிரி. மூலைப் பொட்டியிலதான் ஏகப்பட்டது கெடந்துச்சு. நிச்சயமா அழிக்கணுமான்னு அது ஒரு கேள்வி வேற கேக்குது." அவர் துண்டால் காலைத் துடைத்தார். "கேட்டா விட்ருவமா?"

அவள் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புளிச்சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, கையில் கீறிவிட்டது, எரிகிறது என்றாள். அவர் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டு வந்து கொடுத்தார்.

மறுநாள் அந்தப் பானையில்தான் பால் பொங்கியது. சங்கம் பண்டிகைக்கு மூடிக் கிடந்தது. பானை பொங்குகிறபோதும், மாட்டுப் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு இலை போடுகிறபோதும், குப்பைக்குழியில் போட்டது எங்கே போகும், கிளறினால் கிடைக்கும் என்றே கனகா சொல்லிக்கொண்டாள். சங்கம் திறந்த அன்று ஜெனிட்டாவைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள். ஜெனிட்டாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க்கா அங்க போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பாடத்தைத் தான்தான் நடத்தினோம் என்பது ஞாபகம் வந்து, ஜெனிட்டா வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளே அந்தக் கம்ப்யூட்டரை பஸ்ஸில் மடியில் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டு போனாள். அழிந்ததை மீட்டுக் கொடுக்கிறவர் என்று யாரோ சொன்ன ஒருவரின் கடை. கனகாவும் கூடப் போனாள். வீட்டில், செபஸ்தியம்மாளோடு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாள். கடைக்காரர் நல்ல மனிதர். சாப்பாட்டு நேரத்தையும் தள்ளிப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. கனகாவுக்கு உயிர் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றில் மட்டும் அரிசியைத் தகரத்தில் கொட்டினாற்போல ஒரு சத்தம் வந்தது. மற்றதில் அதுவும் இல்லை. பெயர்தான் மிஞ்சியிருக்கிறது, உள்ளே இருந்ததன் மேல் வேறு எதுவோ ஏறிவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார். கனகா அந்த அரிசிச் சத்தத்தை இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டார். அதற்குள் அவன் குரல் எங்காவது இருக்கிறதா என்று குனிந்து கேட்டாள். அப்புறம் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியில் ஜெனிட்டா, அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். ஊருக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்ட செபஸ்தியம்மாளும் அதையேதான் சொன்னாள். பாரத்தைத் தனியாகச் சுமக்காதே, பாதி அவர் தலையில் இறக்கு என்றாள். முதல் சில நாள் கனகாவுக்கும் அந்த வெறி இருந்தது. உயிரோடு இருந்தவனைத் துரத்தினாய், செத்தவன் குரலையும் வாரிக் கொட்டினாய் என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். சோறு போடும்போது நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆனால் தேங்காயெண்ணெயைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைக்கு ஓடி வந்த ஆள் கண்ணில் நிற்பார். பிள்ளை இல்லை என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டே இந்த மனிதர் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். இதைச் சொன்னால் எதை வைத்து ஓட்டுவார்? அவருக்குத் தெரியவே கூடாது என்று இரண்டு பெண்களிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூஸாவிடம் சத்தியம் வாங்க அவளுக்குத் தோன்றவில்லை. குரல் போன கதையே மூஸாவுக்குத் தெரியாது.

மாசி மாதத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில், பாடகன் எவனைப் பற்றியோ பேசும்போது, உங்கள் பையன் குரல் மாதிரி கணீரென்று வருமா, அன்றைக்கு மூலைக் கம்ப்யூட்டரில் கேட்டேனே என்று மூஸா பஞ்சநாதனிடம் சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். கனகா அப்போது ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சநாதன் மூலைக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு நீர்மட்டத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

அடுத்த நாள் முதல் அவர் அவளுக்கு முன்னால் சங்கத்துக்குப் போகத் தொடங்கினார். அவள் துடைக்கும் துணியோடு மாடி ஏறும்போது மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஹெட்போன் தலையில் இருக்கும். ஒவ்வொரு கோப்புறையாகத் திறப்பார், மூடுவார். மூஸாவின் பக்திப் பாட்டு, செபஸ்தியம்மாள் பேத்தியின் பிறந்தநாள் படம், ஜெனிட்டாவின் பாடக் குறிப்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திறப்பார். கனகா மற்ற மூன்றையும் துடைத்துவிட்டுக் காத்திருப்பாள். நாலாவதைத் துடைக்க அவள் போவதில்லை. அந்தக் கூடையை மட்டும் அவர் திறக்கவில்லை. அது காலி என்று அவருக்குத் தெரியும், அவரே காலி பண்ணியதுதானே.

இப்படியே போய், ஒருநாள் சாயங்காலம் வீட்டில் கனகா அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பஞ்சநாதன் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வழக்கமாகத் தொட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"வெற்றி பேசுனது உங்கிட்ட இருக்காமே" என்றார்.

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாயிற்று. கனகா கீரைக் காம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தேடிப் பாத்தேன். எனக்கு எடுக்கத் தெரியல. நீ எங்கயோ பத்திரமா வச்சிருப்ப." டம்ளரைக் கை மாற்றினார். "கோவப்பட மாட்டேன். ஒரு தடவை போட்டுக் காட்டினா போதும்."

அவள் நிமிரவில்லை. முறத்தில் கீரை குவிந்து கிடந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லிருக்கானா கனகா?"

சொல்லியிருக்கிறான். வார்த்தைக்கு வார்த்தை, இருமலோடு சேர்த்து அவளுக்கு மனப்பாடம். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், அதையே அவன் குரலில் கேட்க வேண்டும் என்பார். எங்கே வைத்தாய் என்பார். கூடையில் என்று அவள் சொல்ல வேண்டும். நிச்சயமா அழிக்கணுமா என்று அது கேட்டதை, கேட்டா விட்ருவமா என்று தான் சந்தோஷமாகச் சொன்னதை, அவர் நினைத்துக்கொள்வார். கனகா வாயை மூடிக்கொண்டாள். விரல் மட்டும் ஒரு காம்பை எடுத்து உருவியது, அடுத்ததை எடுத்து உருவியது.

பஞ்சநாதன் நின்று பார்த்தார். குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை, பழைய பழக்கத்தில், கை நீட்டி இறுக்கி நிறுத்தினார்.

"எம்மேல இருக்குற கோவத்துல தர மாட்டேங்குற" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. "அதுவும் நியாயந்தான்."

அப்புறம் டம்ளரைச் சத்தமில்லாமல் தொட்டியில் வைத்துவிட்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.